யாரும் அவுட் ஆகாத பி.டி. பீரியட்

தொடக்கப் பள்ளியில் உடற்கல்விக்கென்று தனி ஆசிரியர் இருப்பது அபூர்வம். கணக்கும் தமிழும் நடத்துகிறவரே விசிலையும் எடுத்துக்கொண்டு வெளியே போக வேண்டும். நான் அப்படிப் போகிறவள். எங்கள் ஒன்றியப் பள்ளியின் மைதானம் என்பது ஒரு வேப்பமரமும் அதைச் சுற்றியுள்ள செம்மண் தரையும்தான்.

‘அவுட்’ ஆக்கும் ஆட்டங்களில் முதலில் வெளியேறுவது எப்போதும் அதே நாலைந்து பேர்தான். உடம்பு கனத்த பிள்ளை, பார்வை மங்கலான பிள்ளை, பள்ளிக்குப் புதிதாக வந்த பிள்ளை. யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அவர்களே இரண்டு நிமிடத்தில் மரத்தடிக்கு வந்து குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பார்கள். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது நல்ல உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மியூசிக்கல் சேர் ஆடி அதில் எத்தனை நிமிடத்தைத் தேற்ற முடியும்?

டெர்ரி ஆர்லிக் என்ற கனடா நாட்டு விளையாட்டு உளவியலாளர் கூட்டு விளையாட்டுகளைப் பற்றி 1978-இல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் சொல்லும் மியூசிக்கல் சேரில் குறைவது நாற்காலிதான், பிள்ளைகள் குறைவதில்லை. மிச்சமிருக்கும் நாற்காலிகளில் அத்தனை பேரும் எப்படியாவது தொற்றிக்கொள்ள வேண்டும். அவ்வளவு நாற்காலிக்கு நான் எங்கே போவேன்? சுண்ணாம்புப் பொடியால் வட்டங்கள் போட்டேன். பாட்டு நிற்கும்போதெல்லாம் ஒரு வட்டத்தைக் காலால் அழித்துவிடுவேன். ஆளுக்கு ஒரு காலாவது உள்ளே இருக்க வேண்டும். கடைசி வட்டத்தில் ஒரே தள்ளுமுள்ளு. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்திதான் கத்தினாள்: “குட்டிப் பசங்க நடுவுல வாங்க, பெரியவங்க வெளிய நின்னு புடிச்சுக்கங்க!” நான் யோசனை சொல்லியிருந்தால் அந்த ஆட்டம் அங்கேயே செத்திருக்கும்.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்டது ஒன்றுதான். ‘ஒற்றுமையாக ஆடுங்கள்’ என்று சொல்லிப் பயனில்லை. தனியாளால் முடியாதபடி விதி இருக்க வேண்டும். நம்ம ஊர் கோ-கோவைப் பாருங்கள். துரத்துகிறவர் எடுத்த திசையை மாற்றித் திரும்பி ஓடக் கூடாது, நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. எவ்வளவு வேகமானவராக இருந்தாலும் ஓர் இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் ‘கோ’ கொடுத்தே தீர வேண்டும். ஆசிரியர் புதிதாக ஓர் ஆட்டம் யோசித்தால் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: வகுப்பின் வேகமான பையன் இதைத் தனியாகவே முடித்துவிடுவானா? முடிப்பான் என்றால் விதியை மாற்றுங்கள்.

எங்கள் பிள்ளைகள் விடாமல் கேட்பது சேலைப் பந்து. இரண்டு பழைய நூல் சேலைகளை நீளவாக்கில் சேர்த்துத் தைத்து, சுற்றிலும் ஓரத்தை மடித்து இரட்டைத் தையல் போட்டு வைத்திருக்கிறேன். இருபது பேர் சுற்றிப் பிடிக்கலாம். நடுவில் பந்தைப் போட்டுத் தூக்கித் தூக்கிப் போட வேண்டும். பந்து கீழே விழும்வரை எல்லாரும் சேர்ந்து எண்ண வேண்டும். பலசாலிகள் நிற்கும் பக்கம் வேகமாக இழுபடும், பந்து எதிர்ப்பக்கம் பறந்து வேலியில் விழும். “டீச்சர், இவன மெதுவா இழுக்கச் சொல்லுங்க” என்று புகார் வரும். “நீங்களே பேசிக்கங்க” என்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன். சிறிது நேரத்தில் யாராவது “ஏய்… தூக்கு!” என்று குரல் கொடுக்க ஆரம்பிப்பார்கள். எண்ணிக்கை சட்டென்று ஏறும்.

கைகோக்கும் ஆட்டங்களில் வேறு சிக்கல். நாலாம், ஐந்தாம் வகுப்பில் பையன்களும் பெண்களும் கை தொட மாட்டார்கள். சில ஊர்களில் யார் கையைத் தொடலாம், யார் கையைத் தொடக் கூடாது என்று வீட்டிலேயே சொல்லி அனுப்புவதும் உண்டு. அது வெட்கத்தோடு சேர்ந்ததல்ல. நான் பிரசங்கம் செய்வதில்லை. சைக்கிள் டியூபை வெட்டி வளையம் வளையமாக வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளட்டும். டயருக்குள் உடம்பை நுழைத்து அடுத்தவருக்குக் கடத்தும் ஆட்டம் சூடுபிடித்தால் வளையம் எப்போது கைநழுவியது என்றே தெரியாது. இதற்கு ஜோடியை மட்டும் அவர்களைத் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். பிறந்த மாதத்தை வைத்தோ சட்டைப் பித்தான் எண்ணிக்கையை வைத்தோ பிரித்துவிடுங்கள்.

அதிகாரம் பண்ணும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். ஒரு சுற்று யாரும் வாய் திறக்கக் கூடாது, சைகை மட்டும்தான் என்று சொல்லிப் பாருங்கள். பேசாத பிள்ளைகள் அந்தச் சுற்றில் முன்னுக்கு வருவார்கள்.

போட்டியே கூடாது என்கிற கட்சி இல்லை நான். ஐந்தாம் வகுப்புக்குக் கபடி உண்டு, கிளித்தட்டும் உண்டு. சவால் இல்லாத ஆட்டம் பிள்ளைகளுக்குப் பத்தே நிமிடத்தில் சலித்துவிடும். அதனால் சேலைப் பந்தின் சாதனை எண்ணைக் கரும்பலகை ஓரத்தில் எழுதி வைக்கிறேன். அடுத்த வாரம் அதைத் தாண்ட வேண்டும். தோற்றால் மொத்த வகுப்பும் தோற்கும்.

பெற்றோர்தான் கொஞ்சம் முரண்டு பிடித்தார்கள். “ஃபர்ஸ்ட் யாரு டீச்சர்?” என்பது அவர்கள் கேள்வி. ஆண்டு விழாவில் ஓட்டப் பந்தயத்துக்கு எவர்சில்வர் தட்டு கொடுத்தோம். சேலைப் பந்துக்கு வகுப்புக்கே பொதுவாக ஒரு ரப்பர் பந்து. அது மறுநாளே கருவேல முள்ளில் குத்திப் போய்விட்டது. இந்த வருஷம் தோல் கால்பந்துதான் வேண்டும் என்று பிள்ளைகள் தலைமையாசிரியரிடம் மனு கொடுத்திருக்கிறார்கள். எழுத்துப் பிழைகளை மட்டும் நான் திருத்திக் கொடுத்தேன்.