திராட்சைக்கு ஏற்ற மண்ணும் வானிலையும்

திருப்பலியில் பயன்படும் திராட்சை இரசத்தை நாம் அனைவரும் அறிவோம். அதைத் தரும் கொடி எத்தகைய நிலத்தில் சிறப்பாக விளையும் என்று கேட்டால், "செழிப்பான வண்டல் மண்ணில்" என்று உடனே விடை சொல்லிவிடுவோம். நெல்லுக்கு அது சரியே. ஆனால் இரசத்திற்குரிய திராட்சைக்கு அது பொருந்தாது. பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதி இதற்கு நல்ல சான்றாகும்.

முதலில் மண்ணைப் பார்ப்போம். பர்கண்டியில் திஜோன் நகரிலிருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு மலைச்சரிவு உள்ளது. அதன் பெயர் கோட் தோர். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அவ்விடம் கடலாக இருந்தது. கடல் உயிர்களின் ஓடுகள் படிந்து சுண்ணாம்புக் கல்லாயின. அக்கல்லும் களிமண்ணும் கலந்ததே இன்றைய மண்.

சரிவின் அடிவாரத்தில் மண் ஆழமானது, நீரும் தேங்கும். அங்கே கொடி தழைத்துப் படரும். பழமோ நீர் மிகுந்து சுவை குன்றும். உச்சியில் மண் மிகக் குறைவு, குளிர்காற்றும் அதிகம். நடுச்சரிவில்தான் எல்லாம் அளவோடு அமைந்துள்ளன. மழைநீர் வடிந்துவிடுவதால் வேர்கள் கல்லிடுக்குகளில் இறங்கி நீரைத் தேடுகின்றன. பழம் சிறிதானாலும் சாறு செறிவாக இருக்கிறது.

அடுத்தது வானிலை. அங்கே குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்து உறங்குகிறது. ஏப்ரலில் துளிர்த்து, ஜூனில் பூத்து, பின் ஏறத்தாழ 100 நாட்களில் பழுக்கிறது. நம் கம்பம் பள்ளத்தாக்கில் அத்தகைய குளிர் இல்லை. ஆகவே உழவர்கள் கவாத்து செய்து, ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை பெறுகிறார்கள். பர்கண்டியில் ஆண்டுக்கு ஒரே அறுவடைதான். பகல் வெயில் பழத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது. இரவுக் குளிர் புளிப்பைக் காக்கிறது. இவ்விரண்டும் சமமாக இருந்தால்தான் இரசம் சுவைக்கும். விரைவில் பழுக்கும் பினோ நுவார் என்னும் கருந்திராட்சை அக்குளிர்ந்த நாட்டிற்கு மிகவும் ஏற்றது.

இவ்வுண்மைகளை மக்கள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடவில்லை. 1098-இல் சீத்தோவில் மடம் நிறுவிய துறவிகள், அடுத்த நூற்றாண்டில் வூஷோ என்னுமிடத்தில் திராட்சைத் தோட்டம் அமைத்தனர். பிற்காலத்தில் மதில் சூழ்ந்த அத்தோட்டம் சுமார் 50 ஹெக்டேர் பரப்புள்ளது. அந்த ஒரே மதிலுக்குள்ளேயே மேற்பகுதியில் விளைவதும் கீழ்ப்பகுதியில் விளைவதும் தரத்தில் வேறுபடுகின்றன! இவ்வாறு தனித்தனிப் பெயருடன் 1,200-க்கும் மேற்பட்ட நிலத்துண்டுகள் பர்கண்டியில் உள்ளன. 2015-இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஆனால் இன்று அந்த அளவு குலைந்து வருகிறது. பர்கண்டியின் போன் நகரில் 1354 முதல் 2018 வரை நடந்த அறுவடை நாட்களை ஆய்வாளர்கள் தொகுத்துள்ளனர். 1987 வரை சராசரியாகச் செப்டம்பர் 28-இல் தொடங்கிய அறுவடை, 1988 முதல் சராசரியாக 13 நாட்கள் முந்திவிட்டது. வெப்பம் மிகுந்தால் இனிப்பு விரைந்து ஏறிப் புளிப்பு குறைந்துவிடும். 2021-இல் மார்ச் மாத வெப்பத்தால் முந்தித் துளிர்த்த கொடிகளை ஏப்ரல் மாத உறைபனி கருக்கியது. உழவர்கள் இரவெல்லாம் கொடிகளுக்கிடையே வரிசை வரிசையாக நெருப்பேற்றிக் காத்தும் பெருஞ்சேதம் ஏற்பட்டது.

மண் அப்படியேதான் இருக்கிறது. மாறியது வானிலை. நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயுமே அதற்கு முக்கியக் காரணம். எந்த நிலத்திற்கு எந்தக் கொடி ஏற்றது என்று அறியப் பல தலைமுறைகள் உழைத்தன. அவ்வுழைப்பை நம் தலைமுறை வீணாக்கலாமா?

சிந்திப்போம், தோழியரே! கல்லும் குளிரும் அளவோடு இருந்ததால்தான் அக்கொடி நற்கனி தந்தது. அளவறிந்து வாழக் கற்பது நம் கடமையன்றோ?