கதை முயலும் கடைப் பலகையும்

படிப்பு முடிந்ததும் சிறு தொழில் தொடங்க எண்ணும் மாணவியர் நம்மிடையே உண்டு. குழந்தைகளுக்கான ஆடைக்கடை ஒன்றைத் திறந்து, கதைப் புத்தகத்தில் வரும் 'பீட்டர் ராபிட்' முயலின் பெயரை அதற்குச் சூட்டினால் என்ன? எழுதியவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆயினவே, யார் கேட்கப் போகிறார்கள் என்று தோன்றும்.

இந்த முயல், இங்கிலாந்தைச் சேர்ந்த பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார் 1893இல் நோயுற்ற சிறுவன் ஒருவனுக்கு எழுதிய படக் கடிதத்தில் பிறந்தது. 1901இல் அவர் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். மறு ஆண்டு பிரெடரிக் வார்ன் பதிப்பகம் நூலை வெளியிட்டது. 1903இல் முயல் பொம்மை ஒன்றைத் தாமே செய்து, லண்டன் காப்புரிமை அலுவலகத்தில் பதிவும் செய்துவிட்டார்! இங்கிலாந்தில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைக்காத காலம் அது என்பதை நினைவிற் கொள்க. பதிப்பகத்தாரோ அமெரிக்காவில் பதிப்புரிமை பெறத் தவறினர். அங்கே பலர் அவருக்கு ஒரு காசும் கொடாமல் நூலை அச்சிட்டு விற்றனர்.

அம்மையார் 1943இல் மறைந்தார். நம் நாட்டில் பதிப்புரிமை ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நிற்கும். ஆகவே 2003ஆம் ஆண்டு முடிவோடு கதை பொதுச் சொத்தாயிற்று. அதை அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், நாடகமாகவும் நடிக்கலாம்.

கடைப் பெயர் வேறு சங்கதி. அதை ஆள்வது வணிகச் சின்னச் சட்டம். பதிப்புரிமைக்கு முடிவு உண்டு; பதிவு பெற்ற சின்னத்தையோ 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்து எத்தனை காலமும் வைத்துக்கொள்ளலாம். 1979இல் இதே முயல் நியூயார்க் நீதிமன்றம் ஏறியது. பதிப்புரிமை இல்லாத நூலின் படங்களும் சின்னமாகலாம். ஆனால் அவற்றைக் கண்டதும் மக்கள் கதையை மட்டுமன்றி, 'இது இன்ன பதிப்பகத்தாரின் சரக்கு' என்று அறிகிறார்களா என்பதை மெய்ப்பிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். நியாயமான அளவுகோல்தான். வாங்குபவர் ஏமாறக்கூடாது என்பதே இதன் உயிர்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. 'ராமாயண்' என்ற பெயரை ஊதுபத்திக்குத் தமக்கே உரிய சின்னமாக ஒருவர் கேட்டபோது, புனித நூலின் பெயரை எவரும் தனியுடைமையாக்க முடியாதென்று நம் உச்ச நீதிமன்றம் 2015இல் மறுத்தது. எல்லோருக்கும் பொதுவான பெயரைச் சூட்டிவிட்டு, அடுத்த தெருக்காரரும் அதையே வைத்தால் தடுப்பது கடினம்.

ஆகவே பலகை எழுதக் கொடுக்குமுன், வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் அப்பெயரைத் தேடிப் பாருங்கள். கட்டணம் இல்லை. சரக்குகளும் சேவைகளும் அங்கே 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஆடைகளுக்கு உரியது 25. பதிவு இல்லாவிடினும், பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தின் கிளை என மக்கள் மயங்கினால் வழக்கு வரலாம். சென்னையிலும் இப்பதிவகத்தின் கிளை இருக்கிறது, கிண்டியில்.