டிரம்மைத் தேய்த்துக் கழுவுங்கள்

கேள்வி: தெருவில் டெங்கு வந்திருக்கிறது. சாக்கடையைச் சுத்தம் செய்ய மனு கொடுத்துவிட்டோம். வீட்டில் என்ன செய்ய வேண்டும்? – வாசகி, செல்லூர், மதுரை

பதில்: முதலில் உங்கள் தண்ணீர் டிரம்மைப் பாருங்கள், அம்மா. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடுவது நல்ல தண்ணீரைத்தான். வைகை வறண்டு குழாய்த் தண்ணீர் குறைந்தால் நாம் குடம், டிரம், தொட்டி என்று சேர்த்து வைக்கிறோம்; கோடையிலும் கொசுவுக்கு இடம் கிடைத்துவிடுகிறது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் தாங்கும். தண்ணீர் பட்டதும் பொரியும். வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, வாயைப் பழைய வேட்டியால் இறுகக் கட்டுங்கள். ஃப்ரிட்ஜின் பின்தட்டில் தண்ணீர் தேங்குகிறதா என்றும் பாருங்கள். இந்தக் கொசு கடிப்பது பகலில். காய்ச்சல்காரரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடிக்கும் கொசுதான் அடுத்த வீட்டுக்கு டெங்குவைக் கொண்டுபோகிறது.