கறையான் புற்றின் காவலர்

ஐதராபாத்தைச் சூழ்ந்த தக்காண நிலங்களில் கறையான் பல இனங்களாக வாழ்கிறது. நகருக்கு அண்மையில் பட்டான்செருவில் 1972-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிலையம், நிலக்கடலையில் இப்பூச்சி விளைக்கும் சேதத்தை ஆராய்ந்துள்ளது. மைக்ரோடெர்மிஸ் என்னும் வகை வேரைக் குடைகிறது. ஒடாண்டோடெர்மிஸ் என்னும் வகை காயின் ஓட்டைச் சுரண்டுகிறது. ஓடு மெலியவே, அஸ்பர்ஜில்லஸ் பூசணம் எளிதில் உட்புகுந்து அஃப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சை உண்டாக்கக்கூடும். ஆகவே, வயலிற் கண்ட கறையான் எவ்வகையினது என்றறிதல் இன்றியமையாதது. வேலையாட்கள் எல்லா வகைகளிலும் ஏறக்குறைய ஒரே தோற்றமுடையவை; வகையைத் தெளிவாகக் காட்டுபவை சிப்பாய்களே.

இருவகைப் படைக்கலங்கள்

ஒடாண்டோடெர்மிஸ் சிப்பாயின் தலை பெரிது. தாடைகள் அரிவாள்போல் வளைந்தவை. இடத்தாடையில் ஒரு பல் எடுப்பாகத் தோன்றும். மைக்ரோடெர்மிஸ் சிப்பாய் மிகச் சிறிது. அதன் தாடைகள் மெல்லியவை. உலர்ந்த புல்லைச் சேகரித்துண்ணும் டிரைநெர்விடெர்மிஸ் சிப்பாயிடம் கடிக்கும் தாடை இல்லை. அதன் நெற்றி கூரிய மூக்குப்போல் நீண்டுள்ளது. அதன் வழியே நெற்றிச் சுரப்பியின் பசைநீர் பீறிட்டு, எறும்பு முதலிய பகைகளைச் சிக்கவைக்கிறது. இப்படைக்கலங்களுக்கு விலையும் உண்டு: சிப்பாய் தானே இரைதேடி உண்ண இயலாது, வேலையாட்களே அதற்கு ஊட்டுகின்றன.

உருமாறும் விதம்

சிப்பாய்க்கெனத் தனி முட்டை இல்லை. இளங்கறையான்களிலோ வேலையாட்களிலோ சில, உடலில் இளமை ஹார்மோன் மிகும்பொழுது இருமுறை தோலுரிக்கின்றன. முதல் தோலுரிப்பில் வெண்ணிறமான, மென்மையான முன்சிப்பாய் உருவாகிறது. இரண்டாவதில் தலை தடித்து நிறமேறிச் சிப்பாய் ஆகிறது. அதன்பின் அது தோலுரிப்பதில்லை. பல இனங்களில், போதிய சிப்பாய்கள் இருக்கும்வரை புதியவை தோன்றுவது தடைப்படுகிறது; அவை குறைந்தால் தடை நீங்கிப் புதியவை உருவாகின்றன.

களப்பணியாளர்க்கு

ஆதலால், புற்றை உடைத்து மேல்வரும் சிப்பாய்களைக் கொல்வதால் மட்டும் குடி அழிவதில்லை. இராணி உள்ளறையில் இருக்கும்வரை இழப்பு ஈடுசெய்யப்படும். சேதம் கண்ட இடத்தில் பத்துச் சிப்பாய்களையேனும் 80 சதவீதச் சாராயத்தில் இட்டு, ஊர், பயிர், தேதி குறித்து அனுப்புதல் வேண்டும். புல் தின்னும் வகையைப் பயிர்ப்பகை என மயங்கி நஞ்சிடும் வீண்செலவு இதனால் தவிரும்.

ஆசிரியர்க்கு

மாணவர் கைலென்சால் வேலையாளையும் சிப்பாயையும் ஒப்பிட்டு, தலை, தாடை ஆகியவற்றை வரைக.