வயலின் நஞ்சைக் காட்டிய வரைபடம்



நல்ல மண் எது, கெட்ட மண் எது? பார்த்தவுடன் சொல்ல முடியுமா? சில நேரம் முடியாது. மண் கறுப்பாகவே இருக்கும். பயிர் பச்சையாகவே இருக்கும். ஆனால் உள்ளே நஞ்சு இருக்கும். அப்படி ஓர் ஊரின் கதையைப் படிப்போம்.

ஆறும் சுரங்கமும்

ஜப்பான் நாட்டில் தொயாமா என்ற பகுதி இருக்கிறது. அங்கே ஜின்சு என்ற ஆறு ஓடுகிறது. மக்கள் அந்த ஆற்று நீரை வயலுக்குப் பாய்ச்சி நெல் விளைவித்தார்கள். அதே நீரைக் குடித்தார்கள்.

ஆற்றின் மேற்பகுதியில், மலையில், கமியோகா சுரங்கம் இருந்தது. அது பல நூறு ஆண்டுப் பழமையானது. அங்கே வெள்ளி, ஈயம், துத்தநாகம் எடுத்தார்கள். துத்தநாகக் கல்லோடு காட்மியம் என்ற உலோகமும் கலந்திருக்கும். கல்லை அரைத்துக் கழுவிய நீர் ஆற்றில் கலந்தது. ஆற்றிலிருந்து வயலுக்கு வந்தது. காட்மியம் மண்ணில் தங்கியது. வேர் வழியாக நெல்மணிக்குள் போனது.

வலிக்குதே, வலிக்குதே!

ஊரில் ஒரு நோய் வந்தது. பிள்ளை பெற்று வளர்த்த நடுத்தர வயதுப் பெண்களையே அது அதிகம் பிடித்தது. சிறுநீரகம் கெட்டது. எலும்பு மெலிந்தது. இருமினால்கூட எலும்பு முறிந்தது. அவர்கள் "இத்தாய், இத்தாய்" என்று அழுதார்கள். "வலிக்குதே, வலிக்குதே" என்பது அதன் பொருள். அதுவே நோயின் பெயரும் ஆனது.

ஹகினோ என்ற மருத்துவர் நோயாளிகளின் வீடுகளை ஒரு வரைபடத்தில் குறித்தார். ஜின்சு ஆற்று நீர் பாயும் இடங்களிலேயே புள்ளிகள் விழுந்தன. நோயின் வேர் ஆற்றில் இருக்கிறது என்று தெரிந்தது. காட்மியமே காரணம் என்று 1961இல் அவர் சொன்னார். 1968இல் அரசும் ஒத்துக்கொண்டது. மக்கள் வழக்குப் போட்டு 1971இலும், மேல்முறையீட்டில் 1972இலும் வென்றார்கள்.

மண்ணுக்கும் வரைபடம்

பிறகு எந்த வயல் கெட்டது, எந்த வயல் நல்லது என்று பார்க்க வேண்டி வந்தது. இதை எப்படிச் செய்வார்கள்?

1. நிலத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிப்பார்கள்.
2. ஒவ்வொரு கட்டத்திலும் மண் எடுத்துப் பையில் போட்டு எண் எழுதுவார்கள்.
3. பரிசோதனைக் கூடத்தில் உலோகத்தின் அளவைப் பார்ப்பார்கள்.
4. அந்த அளவை வரைபடத்தில் அதே இடத்தில் எழுதுவார்கள்.
5. அதிகம் உள்ள இடத்துக்கு ஒரு நிறம், குறைந்த இடத்துக்கு வேறு நிறம் பூசுவார்கள்.

தொயாமாவில் மண்ணோடு அரிசியையும் சோதித்தார்கள். ஒரு கிலோ அரிசியில் 1 மில்லிகிராம் காட்மியம் இருந்தாலே அந்த நிலம் கெட்டது என்று வைத்தார்கள். ஒரு கிராமை ஆயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் மில்லிகிராம். ஒரே வயலிலும் தண்ணீர் நுழையும் மடை ஓரத்தில் நஞ்சு அதிகம் இருந்தது.

சுமார் 1,500 ஹெக்டேர் நிலம் கெட்டது என்று குறிக்கப்பட்டது. அது 3,700 ஏக்கர். கெட்ட மண்ணை ஆழத்தில் புதைத்து, மேலே நல்ல மண் கொட்டினார்கள். 860 ஹெக்டேருக்கு மேல் திருந்தியது. மீதி நிலம் பெரும்பாலும் வேறு வேலைக்குப் போனது. இந்தப் பணி 2012இல்தான் முடிந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது! நஞ்சைக் கொட்டுவது எளிது. எடுப்பது கடினம்.

வழக்கில் வென்ற மக்கள் இன்னொன்றும் கேட்டு வாங்கினார்கள். சுரங்கத்துக்குள் சென்று பார்வையிடும் உரிமை அது. ஆண்டுதோறும் சென்று பார்த்தார்கள்.

நமக்கு என்ன?

நம் நாட்டிலும் பழைய சுரங்கங்கள் உண்டு. ராஜஸ்தானில் ஜாவர் என்ற ஊரில் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே துத்தநாகம் உருக்கினார்கள். கர்நாடகத்தில் கோலார் தங்கச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அங்கே அரைத்த கல்லின் தூள் மலைபோல் குவிந்து கிடக்கிறது.

மண்வள அட்டை உங்களிடம் இருக்கிறதா? அதில் தழை, மணி, சாம்பல் சத்து இருக்கும். துத்தநாகமும் இருக்கும். ஆனால் காட்மியம், ஈயம் இருக்காது. சுரங்கமோ ஆலைக் கழிவோ அருகில் இருந்தால், அவற்றையும் சோதிக்கும்படி தனியாகக் கேட்க வேண்டும். ஒருவர் கேட்பதைவிட ஊரே சேர்ந்து எழுதிக் கேட்பது நல்லது.

கூடிப் பேசுவோம்

1. நோயின் காரணத்தை மருத்துவர் எப்படி அறிந்தார்?
2. மடை ஓரத்தில் நஞ்சு ஏன் அதிகம்?
3. உங்கள் வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வழியில் என்ன கலக்கிறது?
4. உங்கள் ஊருக்கு ஒரு வரைபடம் வரையுங்கள். ஆறு, வாய்க்கால், கிணறு, ஆலை எல்லாம் குறியுங்கள்.