பட்டறை பதில்கள்: பாடி புஷ் மாற்றப் போகிறவர்களுக்கு

வண்டிக்குப் பத்து வயது தாண்டினால் சத்தம் வரும். சத்தம் வந்தால் இந்தப் பகுதிக்குக் கடிதம் வரும். பொலேரோ, ஸ்கார்பியோ, சுமோ, குவாலிஸ், டவேரா, பழைய சஃபாரி, 2005-இல் வந்த இன்னோவா எல்லாம் ஏணி வடிவ சேசிஸ் மேல் பாடியைத் தனியாக உட்கார வைத்துக் கட்டிய வண்டிகள். இரண்டுக்கும் நடுவே இருந்து அடி வாங்குவது பாடி புஷ் என்கிற ரப்பர். இம்முறை பதில்கள் முழுக்க அதைப் பற்றியே.

கேள்வி: 2009 மாடல் ஸ்கார்பியோ. வேகத்தடை ஏறி இறங்கினால் "டொக்" என்று ஒரு அடி. மெக்கானிக் பாடி புஷ் மொத்த செட்டையும் மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா?
(வாசகர், திண்டுக்கல்)

அவசரம் வேண்டாம். அந்தச் சத்தத்தைத் தரக்கூடிய பொருள்கள் வண்டிக்கு அடியில் ஏராளம். லிங்க் ரப்பர், ஷாக் அப்சார்பர் புஷ், சைலன்சரைத் தாங்கும் ரப்பர், இன்ஜின் மவுண்டிங் என்று வரிசையாக இருக்கின்றன. சரியாக இறுக்காத ஸ்டெப்னிகூட அதே சத்தம்தான் போடும். இவை சின்ன வேலைகள். பாடி புஷ் அப்படியல்ல, ரப்பர் விலையைவிடக் கூலி கூடுதலாக வரும். மலிவானதைப் பார்த்து முடித்துவிட்டுத்தான் அங்கே போக வேண்டும்.

பாடி புஷ்தானா என்று அறிய ஒரு வழி உண்டு. ஆளில்லாத இடத்தில் நடை வேகத்தில் போய் பிரேக்கைச் சட்டென்று மிதியுங்கள். ரிவர்ஸிலும் அதையே செய்யுங்கள். சக்கரம் நின்ற பிறகு பாடி மட்டும் ஒரு கணம் பிந்தி நகர்ந்து முட்டினால் சந்தேகம் வலுக்கும்.

பிறகு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். போல்ட் வாஷரைச் சுற்றி வளையமாகப் பளபளப்பு, அங்கிருந்து வழிந்த செந்நிறத் துருப்பொடி, பிதுங்கி வெடித்த ரப்பர் ஓரம் ஆகியவை தெரிகின்றனவா? பளபளப்பு இருந்தால் இரும்போடு இரும்பு உரசுகிறது. விபத்தில் அடிபடாத வண்டியில் சேசிஸோடு பொருத்திய பம்பருக்கும் பாடிக்கும் உள்ள சந்து, இடப்பக்கம் ஒரு விரலும் வலப்பக்கம் இரண்டு விரலுமாக இருந்தால் மெக்கானிக் சொன்னது சரி. மாற்றுங்கள்.

கேள்வி: என் டஸ்டருக்கு பாடி புஷ் செட் எங்கே கிடைக்கும்?
(வாசகர், கோவை)

எங்கும் கிடைக்காது. அது மோனோகாக் வண்டி. தனி சேசிஸே கிடையாது. எக்ஸ்யூவி 500, ஹாரியர், க்ரெட்டா வைத்திருப்பவர்களும் இதையே தங்களுக்கான பதிலாக எடுத்துக்கொள்ளலாம். 2021-இல் வந்த சஃபாரியும், 2022-இல் வந்த இன்னோவா ஹைக்ராஸும்கூட மோனோகாக்தான். பெயர் மட்டுமே பழசு.

கேள்வி: பொலேரோவில் பின்னால் இருக்கும் இரண்டு புஷ் மட்டும் நசுங்கியிருக்கிறது. அந்த இரண்டை மட்டும் மாற்றினால் போதாதா?
(வாசகர், தேனி)

போதாது. பத்து ஆண்டு சுமை தாங்கிய ரப்பர் எல்லாமே உயரம் குறைந்திருக்கும். பின்னால் ஆளும் மூட்டையும் ஏற்றியதால் அந்த இரண்டும் முந்திக்கொண்டன, அவ்வளவுதான். இரண்டை மட்டும் புதிதாக வைத்தால் கால் உயரம் ஒவ்வாத கட்டில் மாதிரி பாடி நிற்கும். கதவு பூட்டில் சரியாக விழாது. புதிய ரப்பர் பக்கத்து ரப்பரின் சுமையையும் சேர்த்து வாங்கிச் சீக்கிரம் போய்விடும்.

இன்னொன்று. புஷ் என்பது பெரும்பாலும் ஒரு ரப்பர் இல்லை. மேலே இருப்பது எடையைத் தாங்கும். கீழே இருப்பது பாடி துள்ளும்போது பிடித்து நிறுத்தும். நடுவில் ஒரு இரும்பு ஸ்லீவ். போல்ட்டை இறுக்கும்போது ரப்பர் எவ்வளவு அமுங்க வேண்டும் என்பதை அந்த ஸ்லீவின் நீளம்தான் தீர்மானிக்கிறது. மேல் ரப்பரை மட்டும் மாற்றி, துருப்பிடித்துக் குட்டையான பழைய ஸ்லீவையே போட்டு, "நல்லா டைட் வெச்சிட்டேன் சார்" என்று சொல்லும் பட்டறையில் ரப்பர் அன்றைக்கே நசுங்கத் தொடங்கிவிடும். மேல், கீழ், ஸ்லீவ், வாஷர் நான்கும் வாங்குங்கள். முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் ரப்பரின் கடினம் வேறாக இருக்கலாம். பார்ட் நம்பரைப் பார்த்து, இடம் மாறாமல் போடச் சொல்லுங்கள். பழையதைக் கழற்றும்போது நடுவே தகடு இருந்தால் அது கம்பெனி உயரம் சரிசெய்ய வைத்த ஷிம். எந்த இடத்தில் இருந்ததோ அங்கேயே திரும்பப் போக வேண்டும்.

கேள்வி: புஷ்ஷுக்குப் பதிலாக லாரி டயரை வெட்டிப் போட்டால் ஆயுசுக்கும் உழைக்கும் என்கிறார்களே?
(வாசகர், சேலம்)

கூடாது. டயருக்குள் நூலும் கம்பியும் இருக்கிறது. அது அமுங்காது. சேசிஸ் வாங்கும் அடி முழுவதும் பாடித் தகட்டின் வெல்டிங்குக்குப் போகும்.

கேள்வி: எங்கள் சுமோவை மாதம் தவறாமல் வாட்டர் சர்வீஸ் விட்டு, அடியில் டீசலும் பழைய இன்ஜின் ஆயிலும் அடித்துக் கண்ணும் கருத்துமாகப் பராமரிக்கிறோம். மூன்று வருடத்துக்கு முன் போட்ட பாடி புஷ் உப்பிப் பிதுங்கிக் கிடக்கிறது. டூப்ளிகேட் மாலா?
(வாசகர், திருப்பூர்)

மாலைக் குறை சொல்லும் முன் அந்த ஸ்ப்ரே துப்பாக்கியைக் குறை சொல்லுங்கள். இந்தப் பராமரிப்புதான் ரப்பரைத் தின்றிருக்கிறது.

இந்த வகை புஷ் பெரும்பாலும் இயற்கை ரப்பரில் செய்வது. குமரி மாவட்டத் தோட்டங்களில் பால் எடுக்கிறார்களே, அதே ரப்பர்தான். ஆயிரமாயிரம் முறை அமுங்கி எழும் வேலைக்கு அதைப்போல ஒன்று இல்லை. ஆனால் அதற்குப் பெட்ரோலியப் பொருள் ஆகவே ஆகாது. ரப்பரும் ஹைட்ரோகார்பன், டீசலும் ஹைட்ரோகார்பன். டீசல் ரப்பருக்குள் ஊறிப் புகுந்து அதன் நீண்ட சங்கிலிகளை விலக்கிக்கொண்டு உட்காரும். ரப்பர் உப்பும், தளரும், வலுவிழக்கும். நம்பிக்கை இல்லையென்றால் பழைய புஷ்ஷில் ஒரு துண்டு வெட்டி, வெர்னியரில் அளந்து, டீசல் பாட்டிலில் ஓரிரு நாள் போட்டுவைத்து மறுபடி அளந்து பாருங்கள்.

உடனே ஒரு கேள்வி வரும்: டீசல் டியூபும் ரப்பர்தானே, அது எப்படித் தாங்குகிறது? அது நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பர். எண்ணெயைத் தாங்குவதற்கென்றே செய்தது. நிறம் மட்டும்தான் ஒன்று.

பாடி புஷ்ஷோடு இது நிற்பதில்லை. அதே ஸ்ப்ரே லிங்க் ரப்பர், ஷாக் அப்சார்பர் புஷ், பட்டைக்கட்டின் ஷேக்கிள் புஷ், இன்ஜின் மவுண்டிங், பிரேக் ஹோஸ் எல்லாவற்றின் மேலும் விழுகிறது. பிரேக் லைனரில் ஒரு துளி பட்டால் அது தனி ஆபத்து. சூடான சைலன்சரில் பட்டால் புகை. மிச்ச எண்ணெய் சாலைப் புழுதியை இழுத்துச் சேறாக அப்பிக்கொள்ளும். மழைக்காலத்தில் அந்தச் சேறு ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவை வளர்க்கும். துருவைத் தடுக்கத்தானே எண்ணெய் அடித்தீர்கள்?

சர்வீஸ் ஸ்டேஷனில் "ஸ்ப்ரே வேணுமா சார்?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள். கேட்காமலே அடிக்கிற இடமென்றால் வண்டியை விடும்போதே சொல்லிவிடுங்கள். தண்ணீரும் ஷாம்புவும் போதும். கழுவிய பிறகு வெயிலில் நிறுத்துங்கள். சேசிஸில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் மண்ணடைத்துக் கிடந்தால் குத்தி விடுங்கள். துருத் தடுப்புப் பூச்சு வேண்டுமென்றால் மெழுகு வகை வாங்கி, ரப்பரை மூடிவிட்டு, உலர்ந்த இரும்பின் மேல் மட்டும் அடியுங்கள். ரப்பர் கீச்சிட்டால் சிலிகான் ஸ்ப்ரே போடலாம். கிரீஸ் கூடாது.

உங்கள் புஷ் டூப்ளிகேட்டாகவும் இருந்திருக்கலாம். ஒரிஜினலாக இருந்தாலும் இந்தக் கதிதான் வந்திருக்கும்.

கேள்வி: தார் வண்டிக்குச் சிவப்பு நிற பாலியூரித்தேன் புஷ் போட்டு, கூடவே இரண்டு இஞ்ச் பாடி லிஃப்ட் செய்ய ஆசை. உங்கள் கருத்து?
(வாசகர், தூத்துக்குடி)

பாலியூரித்தேன் எண்ணெயைத் தாங்கும், சீக்கிரம் நசுங்காது. பொதுவாக ரப்பரைவிடக் கடினமானது என்பதால் இன்ஜின் அதிர்வையும் சாலை இரைச்சலையும் நேராக உள்ளே அனுப்பும். பாறை ஏறும் பந்தயத்துக்குப் போகிறவர்கள் அதைப் பொறுத்துக்கொள்வார்கள். பின் சீட்டில் அம்மாவை உட்கார வைத்துத் திருச்செந்தூர் போகிறவர்களுக்கு அது எதற்கு?

பாடி லிஃப்ட் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பது இதைத்தான்.

கேள்வி: தினமும் கொல்லிமலை ஏறி இறங்கும் டவேரா. பாடி புஷ் செட் வாங்கிவிட்டேன். கையில் ஜாக்கியும் ஸ்பானரும் இருக்கிறது. வீட்டிலேயே மாற்ற எதைக் கவனிக்க வேண்டும்?
(வாசகர், நாமக்கல்)

70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் சேசிஸ் குறுக்காக முறுக்கும். அந்த முறுக்கைப் பாடிக்குப் போகாமல் விழுங்குவதுதான் இந்த ரப்பரின் வேலை. சமவெளி வண்டியைவிட உங்களுக்கு முன்னதாகவே தேய்ந்ததில் வியப்பில்லை.

போல்ட்டோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெயை நட்டு மரையில் மட்டும் விட்டு ஊறவிடுங்கள். பழைய ரப்பர் எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது என்பதால் இங்கே மட்டும் அதற்கு அனுமதி. புதியதைப் போடும் முன் துடைத்துவிடுங்கள். இம்பாக்ட் துப்பாக்கியை வைத்து அடித்தால் பாடிக்குள் கூண்டில் நிற்கும் நட்டு பிய்த்துக்கொண்டு கூடவே சுற்றும். அதன் பிறகு கார்பெட்டைத் தூக்கித் தரைத்தகட்டை வெட்டித்தான் அதைப் பிடிக்க முடியும். முதலில் சற்று இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டிச் சூடாக்கும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். பக்கத்திலேயே டீசல் குழாய் போகிறது, மேலே கார்பெட் இருக்கிறது.

ஒரு பக்கத்து போல்ட்டுகளைத் தளர்த்தி மட்டும் வைத்துக்கொண்டு, மறுபக்கத்தை முழுதாகக் கழற்றுங்கள். இரு பக்கமும் கழற்றினால் பாடி நகர்ந்துவிடும். ஓட்டைகளைச் சேர்க்க ஒரு நாள் போகும். ஜாக்கிக்கும் பாடிக்கும் நடுவே அகலமான மரப்பலகை வையுங்கள். கதவுக்குக் கீழ் உள்ள மடிப்பில் கொடுக்க வேண்டும், தரைத்தகட்டில் கொடுத்தால் உள்ளே குழியும். புது ரப்பர் நுழையும் உயரத்துக்கு மேல் ஒரு நூல்கூடத் தூக்காதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கையையோ தலையையோ விடக் கூடாது. மரக்கட்டை அடுக்கிய பிறகுதான் உள்ளே போக வேண்டும்.

தூக்கும் முன் பாடியிலிருந்து சேசிஸுக்கும் இன்ஜினுக்கும் போகிற அத்தனையையும் ஒருமுறை கையால் தொட்டுப் பாருங்கள். ஸ்டீயரிங் ராடு கப்ளிங், ரேடியேட்டர் ஹோஸ், ஃபேனைச் சுற்றிய பிளாஸ்டிக் கூடு, ஏசி குழாய், பிரேக் மற்றும் கிளட்ச் குழாய், கியர் லீவர், ஹேண்ட் பிரேக் கேபிள், டீசல் ஊற்றும் குழாய், எர்த் வயர். ஃபேன் கூட்டைக் கழற்ற மறந்தவர்கள்தான் ரேடியேட்டர் கடைக்கும் சேர்த்துப் போகிறார்கள். கப்ளிங்கைக் கழற்றும்போது குறியிட்டுக்கொள்ளுங்கள்.

எல்லா போல்ட்டையும் கையால் கோர்த்து முடித்த பிறகே டார்க் ரெஞ்சை எடுங்கள். அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை பாருங்கள்.

கேள்வி: புஷ் மாற்றிய நாளிலிருந்து செல்ஃப் இழுக்கிறது, ஹெட்லைட் மங்குகிறது. பேட்டரி புதியது.
(வாசகர், ஈரோடு)

எர்த் பட்டையைத் திரும்ப மாட்டவில்லை, அல்லது பெயின்ட் மேலேயே மாட்டியிருக்கிறார்கள். உடனே பாருங்கள். பெரிய கரண்ட் வேறு வழி தேடி மெல்லிய கேபிள் வழியே திரும்பினால் கேபிள் சூடாகும்.

கேள்வி: ராமேஸ்வரத்தில் டூரிஸ்ட் வண்டி. தனுஷ்கோடி வரை அடிக்கடி போகும். பாடி புஷ் மாற்றலாம் என்று பட்டறையில் விட்டால் சேசிஸே போய்விட்டது என்று பயமுறுத்துகிறார்கள்.
(வாசகர், ராமநாதபுரம்)

பயமுறுத்தவில்லை, உண்மையைச் சொல்கிறார்களாக இருக்கலாம். புஷ் உட்காரும் கிண்ணம் போன்ற தாங்கி சேசிஸின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். உப்பு மணலும் ஈரமும் தேங்க அதைவிட வசதியான இடம் வண்டியில் இல்லை. சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது. மொத்தையாகக் கேட்டால் ஸ்குரூ டிரைவரால் குத்துங்கள். உள்ளே இறங்கினால் புது ரப்பருக்குச் செலவழிப்பது வீண். முதலில் அந்த இடத்தை வெட்டி, சரியான கனத்தில் தகடு வைத்து, தேர்ந்த வெல்டரிடம் கட்ட வேண்டும். பேட்டரியைக் கழற்றி, இசியூ கனெக்டரையும் எடுத்துவிட்டு வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். காமன்ரயில் வண்டியில் இதை மறந்தால் இசியூவும் போய்விடும்.

தாங்கி மட்டும் போயிருந்தால் பிழைக்கும். சேசிஸின் நீள இரும்பே ஓட்டை விழுந்திருந்தால் பயணிகளை ஏற்றாதீர்கள். எஃப்.சி. வாங்கிவிட்டோம் என்பது சமாதானம் ஆகாது.

கேள்வி: எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை பாடி புஷ் மாற்ற வேண்டும்?
(வாசகர், மதுரை)

கிலோமீட்டர் கணக்கு கிடையாது. ஷெட்டில் நிற்கும் வண்டியிலும் ரப்பர் காய்ந்து வெடிக்கும். சைலன்சர் சூடு படும் பக்கம் முதலில் இறுகும். பத்து வயதுக்கு மேல் ஆண்டுக்கு ஒருமுறை லிஃப்ட்டில் ஏற்றிப் பாருங்கள். கேடு தெரிந்தால் மாற்றுங்கள், தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அடுத்த இதழுக்கு எழுதுகிறவர்கள் வண்டியின் மாடல், ஆண்டு, சத்தம் எந்தப் பக்கம், பிரேக் பிடிக்கும்போதா, திருப்பும்போதா, பள்ளத்திலா என்று குறிப்பிட்டு எழுதுங்கள். "வண்டியில் ஒரு மாதிரி சத்தம் வருகிறது" என்று மட்டும் எழுதினால் பதில் கிடைக்காது.