அலையாத்திக் காடும் கூட்டுக் காவலும்

கேள்வி: அரசும் தனியார் அமைப்பும் சேர்ந்து இயற்கை நிலத்தைக் காப்பது நடக்கிற காரியமா?
– வாசகர், நாகூர்

பதில்: உங்களுக்குத் தெற்கே முத்துப்பேட்டையில் நடந்திருக்கிறதே! வெள்ளைக்காரன் காலத்தில் கூறுகூறாக வெட்டிய அலையாத்திக் காடு அது. வெயில் பட்ட சேற்றுநிலம் பள்ளமாகி, தேங்கிய நீரில் உப்பு ஏறி, ஒன்றும் முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்தாரும் கூடி, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள். ஓதம் ஏறி வடிய, உப்பு குறைந்தது, கன்றுகள் பிடித்தன. நிலம் வனத்துறையிடமே இருந்தது. எனக்குப் பிடித்ததே அதுதான். ஆனால் வாய்க்கால் வண்டல் சேர்ந்து தூர்ந்துபோகும். உங்கள் ஊர்ப் பக்கம் வெட்டாற்று முகத்துவாரத்தில் இப்படி ஏதும் தொடங்கினால், தூர்வாரும் செலவு யாருடையது என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள்.